சதுரங்கம் பயின்ற சுல்தான் கான்

சதுரங்கம் நம்மவர் கண்ட விளையாட்டு என்று கூறிப் பெருமை கொள்வோர் நம்மிடையே பலர். அப்பெருமை பொய்யன்று. ஆயினும், இன்று சதுரங்கங் கற்கப் புகும் மாணவன் கையில் எடுப்பது பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு பாலபாட நூல். அவன் மனனஞ் செய்யும் தொடக்கங்களின் பெயர்களோ சிசிலியன் என்றும், பிரெஞ்சு என்றும், இஸ்பானியம் என்றும் அமைந்தவை. தூரதேசம் போன மகள் பல ஆண்டுகள் கழிந்தபின் வேற்றுடையும் வேற்றுப் பேச்சுமாய் வீடு திரும்புகின்றாள். தாய் வாசலில் நின்று சற்று உற்றுப் பார்த்த பின்னரே அவளை இனங்காண்கின்றாள். சதுரங்கத்துக்கும் நமக்கும் உள்ள உறவு இன்று ஏறக்குறைய அத்தகையதே. தான் பிறந்த நாட்டின் ஆட்டத்தில் வல்லவனாயிருந்தும், அதே ஆட்டத்தை மீண்டும் அரிச்சுவடியிலிருந்து கற்க நேர்ந்த ஒருவரின் வரலாற்றை இவ்விதழில் இளைஞர்க்கும் முதியோர்க்கும் எடுத்துரைக்க விழைகின்றேன். அவர் பெயர் மீர் சுல்தான் கான்.

அவர் கதையை விளங்கிக்கொள்வதற்கு ஆட்டத்தின் கதையைச் சிறிது அறிதல் வேண்டும். சதுரங்கம் என்னும் வடசொல் நான்கு உறுப்புக்களையுடைய படையைக் குறிக்கும். யானை, தேர், குதிரை, காலாள் என்பன அவ்வுறுப்புக்கள். ஏழாம் நூற்றாண்டிலே பாணர் இயற்றிய ஹர்ஷ சரிதத்தில் இவ்வாட்டம் பற்றிய குறிப்பு உண்டென ஆராய்ச்சியாளர் கருதுவர். இந்தியாவிலிருந்து பாரசீகஞ் சென்ற ஆட்டம் அங்கே சத்ரங் ஆயிற்று. பாரசீகத்திலிருந்து அராபியர் கைக்குச் சென்று ஷத்ரஞ்ச் ஆயிற்று. பாரசீக மொழியில் அரசனை ஷா என்பர். ஷா மாத் என்னும் தொடரே திரிந்து திரிந்து இன்று ஆங்கிலத்தில் செக்மேற் என வழங்குகின்றது. பக்தாத் நகரில் அல் அத்லி, அஸ் சூலி முதலிய வல்லுநர்கள் ஒன்பதாம் பத்தாம் நூற்றாண்டுகளில் இவ்வாட்டத்தை ஒரு சாத்திரமாகவே வளர்த்தனர். அக்காலத்து ஆட்டம் மிக மந்தமானது. அமைச்சன் மூலைவாட்டில் ஒரு கட்டம் மட்டுமே நகர்வான். யானை மூலைவாட்டில் இரண்டாங் கட்டத்துக்குத் தாவும், அவ்வளவே. இரு படைகளும் ஒன்றையொன்று தொடுதற்கே நெடுநேரஞ் செல்லும். ஆதலின் வல்லுநர் பலர் ஏற்கெனவே வகுத்து வைத்த அணிவகுப்பு ஒன்றிலிருந்து ஆட்டத்தைத் தொடங்குவராம்.

ஐரோப்பாவை அடைந்ததும் காய்களின் வேடம் மாறிற்று. பாரசீகத்தில் அமைச்சனாயிருந்தவன் அங்கே அரசியானான். யானையின் நிலை இன்னும் விந்தையானது. இஸ்பானியர் அராபுச் சொல்லையே வைத்துக்கொண்டு அதனை அல்பில் என்றனர்; பிரான்சு தேசத்தார் அதனைக் கோமாளி என்றனர்; ஆங்கிலேயரோ அதனை பிஷப் ஆக்கிவிட்டனர். மிசன் பாடசாலையிற் கற்ற என்போன்றோர்க்கு, யானை நின்ற இடத்தில் மேற்றிராணியார் ஒருவர் நின்று மூலைவாட்டில் ஓடுவது முதற் பாடத்திலேயே சிரிப்பை மூட்டும்.

பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஏறக்குறைய 1475 ஆம் ஆண்டளவில், இஸ்பானியாவின் வலென்சியாப் பகுதியிலே ஒரு பெரும் புரட்சி நிகழ்ந்தது. அரசி எத்திசையிலும் எத்தனை கட்டமும் செல்லும் வலிமை பெற்றாள். யானையும் மூலைவாட்டில் முழுத்தூரம் ஓடத் தொடங்கியது. 1497 ஆம் ஆண்டு சலமான்கா நகரில் லூசேனா என்பவர் அச்சிட்ட நூலில் 150 ஆட்டச் சிக்கல்கள் உள்ளன. அவற்றுட் சில பழைய முறைப்படியும் சில புதிய முறைப்படியும் அமைந்தவை. ஒன்றை அரசியின் ஆட்டம் என்றும் மற்றதைப் பழைய ஆட்டம் என்றும் அவர் பிரித்துக் காட்டினார். இதிலிருந்து நாம் ஊகிக்கத்தக்கது யாதெனில், அக்காலத்து ஐரோப்பியரும் தாம் அறிந்த ஆட்டத்தையே மறுபடியும் புதிதாகக் கற்க வேண்டியவராயினர் என்பதே. மேனாட்டார் ஆட்டமென்று நாம் இன்று கூறுவது அவர்களுக்கும் ஒருகாலத்தில் அந்நியமாகவே இருந்தது.

காலாள் முதன்முறை இரண்டு கட்டஞ் செல்லும் வழக்கம் இதனினும் பழையது. காஸ்தீல் அரசனாகிய பத்தாம் அல்பொன்சோ 1283 இல் எழுதுவித்த நூலிலேயே அது காணப்படுகின்றது. அரசன் ஒருமுறை தாவிச் செல்லும் உரிமை இடைக்கால ஐரோப்பாவிலும் இருந்ததே. அது நாளடைவில் அரசனும் மூலையிலுள்ள தேரும் ஒரே நகர்விற் சேர்ந்து இயங்கும் கோட்டை கட்டுதலாக உருமாறிற்று.

இனி, இந்தியாவில் நடந்ததைப் பார்ப்போம். இந்தியாவில் ஆட்டம் ஆதியில் இருந்தபடியே அசையாது நின்றது என்று சிலர் மேடைகளிற் பேசக் கேட்டிருக்கின்றேன். அது வரலாற்றுக்கு ஒவ்வாது. அமைச்சனின் புதிய வலிமை இந்திய ஆட்டத்திலும் புகுந்துவிட்டது. புகாதவை வேறு. இந்திய முறையிற் காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். கோட்டை கட்டுதல் கிடையாது. அதற்குப் பதிலாக, எதிரியால் முற்றுகையிடப்படாதவரை அரசன் ஒரே ஒருமுறை குதிரையைப்போலத் தாவலாம். காலாள் எதிர்க்கரையை அடைந்தால் விரும்பிய காயாக மாறமுடியாது. எந்தக் காயின் வரிசையிற் சென்று சேர்ந்ததோ அந்தக் காயாகவே மாறும். இவ்விதிகளும் இடத்துக்கிடம் வேறுபட்டன. ஓர் ஊரான் மற்றோர் ஊரானோடு ஆடத் தொடங்குமுன் விதிகளைக் கதைத்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

எனது பேரனார் காலாளை ஓரடிதான் நகர்த்துவார். பள்ளிக்கூடத்திற் கற்றபடி நான் இரண்டு கட்டம் நகர்த்தினால் அதைப் பேசாமல் எடுத்து ஒரு கட்டம் பின்னே வைத்துவிட்டு, "தம்பி, காலாள் நடக்கிறவன், பாயிறது குதிரையின்ர வேலை" என்பார். அவர் சொன்னதிற் பகிடி இருந்தது போலவே நியாயமும் இருந்தது. நடக்கும் காலாளைக் கொண்ட ஆட்டமும் பாயும் காலாளைக் கொண்ட ஆட்டமும் வெளித்தோற்றத்தில் ஒன்றாயினும் உள்ளத்தில் வெவ்வேறானவை. மேனாட்டு முறையில் இருபக்கத்து அரசக் காலாட்களும் முதல் நகர்விலேயே பலகையின் நடுவில் முகத்துக்கு முகம் நிற்கும். நாலைந்து நகர்வுக்குள் போர் மூண்டுவிடும். ஒரு நகர்வை வீணாக்கியவன் அதற்கு விலை கொடுப்பான். எனவேதான் தொடக்கங்களைப் பற்றி அவர்கள் நூல்நூலாக எழுதிக் குவித்தனர். இந்திய முறையில் அந்த அவசரமில்லை. இருவரும் தத்தம் எல்லைக்குள் மதில் எழுப்பி, காய்களை ஆறுதலாக நிரைப்படுத்திய பின்னரே கைகலப்பர். அங்கே வேண்டப்படுவது பொறுமையும், நடு ஆட்டத்து நுட்பமும், முடிவாட்டத் திறமையுமேயாம்.

இவ்விரு முறைகளும் சந்தித்த ஓர் இடம் கல்கத்தா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜோன் கொக்ரேன் என்னும் ஸ்கொத்லாந்து நியாயவாதி அங்கே வாழ்ந்தார். இந்திய முறையில் வல்லவரான மகேச சந்திர பானர்ஜி என்னும் வங்காளிப் பிராமணர் அவரோடு மேனாட்டு முறையிற் பல ஆட்டங்கள் ஆடினார். பழைய பழக்கத்தால் பானர்ஜி காலாட்களை ஓரடியாகவே நகர்த்தி, யானையைப் பக்கவாட்டிலிருந்து நீண்ட மூலைவாட்டிற் செலுத்துவார். பலகை நடுவைக் காலாட்களாற் பிடியாமல் தூரத்திலிருந்து தாக்கும் இம்முறை மேனாட்டார்க்குப் புதுமையாயிருந்தது. இன்று நூல்களில் இந்தியக் காப்பு என்னும் பெயருடன் விளங்கும் தொடக்கங்களின் பெயர்க்காரணம் இதுவே. சிசிலியும் பிரான்சும் நிற்கும் அப்பட்டியலில் இந்தியாவும் நிற்பது, பழைய பழக்கத்தைக் கைவிடாத ஒரு கற்போனால் என்பது மறக்கத்தக்கதன்று.

சுல்தான் கான் பஞ்சாபிலுள்ள மித்தா திவானா என்னும் ஊரில் 1903 ஆம் ஆண்டிற் பிறந்தார். 1905 எனக் கூறுவாரும் உளர். ஒன்பது வயதளவில் தந்தையாரிடம் இந்திய முறைச் சதுரங்கத்தைக் கற்றார். வாலிபப் பருவத்தில் பஞ்சாபின் சிறந்த வீரர் எனப் பெயர் பெற்றார். அப்பகுதியின் பெருநிலக்கிழாரும் அரசியல்வாதியுமாகிய சேர் உமர் ஹயாத் கான் இவர் திறமையைக் கேள்வியுற்று ஆதரித்து, மேனாட்டு விதிகளைப் பயிலச் செய்தார். 1928 இல் நடந்த அகில இந்தியப் போட்டியில் ஒன்பது ஆட்டங்களில் எட்டில் வென்று, ஒன்றைச் சமன் செய்து, ஒன்றிலும் தோல்வியுறாது சுல்தான் கான் முதலிடம் பெற்றார்.

1929 ஆம் ஆண்டு வசந்த காலத்தில் உமர் ஹயாத் கான் அவரை இலண்டன் மாநகருக்கு அழைத்துச் சென்றார். அவர் பழகுதற்பொருட்டு ஒரு சிறு பயிற்சிப் போட்டி ஒழுங்கு செய்யப்பட்டது. வின்ரர், யேற்ஸ் முதலிய ஆங்கில வீரர் அதில் ஆடினர். இந்தியாவின் முதல்வர் கடைசி இடத்தை இன்னொருவரோடு பங்கிட்டுக்கொண்டார்! இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. தொடக்கம் என்னும் பாடமே இல்லாத பள்ளியிற் பயின்ற ஒருவரை அப்பாடத்திலேயே முதலிற் சோதித்தால் வேறென்ன நடக்கும்? அரசனைத் தாவவிட்டுப் பழகியவர் கோட்டை கட்டும் வேளையை உணரல் வேண்டும். ஓரத்துக் காலாள் தேராக மட்டும் மாறும் எனக் கணக்கிட்டவர், இனி எந்தக் காலாளும் அரசியாகலாம் என்பதை நினைந்து முடிவாட்டக் கணக்கனைத்தையும் திருத்தல் வேண்டும். ஒன்றும் அறியாதவன் புதிதாகக் கற்பது எளிது. ஒன்றை நன்கறிந்தவன் அதனை மாற்றிக் கற்பதே கடினம். இடக்கை வழக்கமுடையோரை வலக்கையால் எழுதச் சொல்லி அடித்த காலத்துப் பெரியோர் நம்முள் இருப்பின், இதனை என்னினும் நன்கறிவர்.

தோல்வியின் பின் வின்ரரும் யேற்ஸுமே அவருக்கு ஆசிரியராயினர். அவர் தம்மோடு போட்டியிடப் போகின்றவர் என்பதறிந்தும் அவர்கள் கற்பித்தனர் என்பது பாராட்டத்தக்கது. அவ்வாண்டு கோடையில் றாம்ஸ்கேற் நகரில் நடந்த பிரித்தானியப் போட்டியில் யாவரும் வியக்கும்படி சுல்தான் கான் வாகை சூடினார். பின்னர் 1932 இலும் 1933 இலும் அதே பட்டத்தை வென்றார். சர்வதேச அரங்கில் அவர் இருந்த காலம் ஐந்து ஆண்டுகூட நிரம்பாது. அதற்குள் மும்முறை பிரித்தானிய முதல்வர் என்பது எளிய காரியமன்று. அங்கே குளிரும் காய்ச்சலும் அவரை விடாது வருத்தியதாகவும் கூறுவர்.

1930 டிசெம்பரிலும் 1931 ஜனவரியிலுமாக நடந்த ஹேஸ்ரிங்ஸ் போட்டியே அவர் புகழை உலகறியச் செய்தது. 1921 முதல் 1927 வரை உலக முதல்வராயிருந்த கியூபா நாட்டுக் கப்பாபிளாங்கா அதிற் கலந்துகொண்டார். கப்பாபிளாங்கா நான்கு வயதிலே தந்தையார் ஆடுவதைப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றவர் என்பர். அவரைத் தோற்கடித்தோர் அக்காலத்தில் மிகச் சிலர். சுல்தான் கான் வெள்ளைக் காய்களுடன் ஆடினார். கப்பாபிளாங்கா கையாண்டது அரசி இந்தியக் காப்பு. இந்தியரை எதிர்த்து இந்தியக் காப்பு! முதல் ஐந்து நகர்வுக்குள்ளேயே சுல்தான் கான் ஓரத்துக் காலாளை ஓரடி மெல்ல நகர்த்தினார். அன்று பார்த்தோர்க்கு அது பஞ்சாப்பின் பழைய பழக்கமாகவே பட்டிருக்கும். அதே கருத்து பல்லாண்டுகளின் பின் உலக முதல்வரான பெத்ரோசியன் பெயரால் நூல்களில் இடம்பெற்றது. ஆரவாரமான தாக்குதல் எதுவுமின்றி, கயிற்றைச் சிறிது சிறிதாக இறுக்குவது போல ஆடி, 65 ஆம் நகர்வில் முன்னாள் உலக முதல்வரைப் பணிய வைத்தார். அப்போட்டியில் அவர் மூன்றாம் இடம் பெற்றார். முதலிடம் ஒல்லாந்தரான யூவேக்கும் இரண்டாமிடம் கப்பாபிளாங்காவுக்கும் கிடைத்தன.

கப்பாபிளாங்கா 1921 இல் வெளியிட்ட சதுரங்க அடிப்படை நூலில், தொடக்கங்களுக்கு முன்னர் முடிவாட்டங்களையே கற்போன் முன் வைக்கின்றார். அரசனும் ஒரு தேரும் கொண்டு தனியரசனை மடக்கும் முறையே அதில் முதற் பாடம். பலகையிற் காய் குறைந்த நிலையில் ஒவ்வொரு காயின் வலிமையும் தெளிவாகத் தோன்றும் என்பது அவர் கொள்கை. அந்த அளவுகோலால் அளந்தால், தொடக்கம் அறியாது இலண்டனில் வந்திறங்கிய சுல்தான் கான் ஆட்டத்தின் முக்கிய பாகத்தை ஏற்கெனவே கற்று முடித்தவராவர். மாறுபட்ட விதிகளிற் பழகியும் இவ்வுயர்வை எட்டியது அசாதாரண மேதைமையைக் காட்டும் எனக் கப்பாபிளாங்காவே பின்னர் எழுதினார். தொடக்க நூல்களை உருப்போட்டுவிட்டு இருபதாம் நகர்வில் விழிக்கும் நம் விடுதி நண்பர் சிலருக்கு இதனைச் சொல்லிப் பார்த்தேன், கேட்பாரில்லை.

1931 இல் பிறேக் நகரில் நடந்த நாடுகளின் போட்டியில் இங்கிலாந்து அணியின் முதற் பலகையில் அவர் ஆடினார். பிளோர், றூபின்ஸ்ரைன் ஆகிய இருவரையும் வென்றார். அன்றைய உலக முதல்வர் அலெக்கைனோடு சமன் செய்தார். பதினேழு ஆட்டங்களில் எட்டு வெற்றி, ஏழு சமன், இரண்டே தோல்வி. அதே ஆண்டு ராற்றக்கோவரோடு நடந்த தனிப்போட்டியிலும் வெற்றி அவருடையதே.

இத்துணைப் புகழ் பெற்றவரைப் பற்றி எழுதியோர் விரும்பிப் பிடித்துக்கொண்ட ஒரு கதை உண்டு. எழுத வாசிக்க அறியாத ஓர் ஏவலாள், தன் எசமானின் கட்டளைக்கிணங்க வந்து உலக வீரரை வீழ்த்தினான் என்பதே அது. அமெரிக்க வீரர் றூபன் பைன் தம் நினைவுகளில், உமர் ஹயாத் கானின் இலண்டன் இல்லத்துக்குத் தம் அணியினர் விருந்துக்குச் சென்றபோது சுல்தான் கானே உணவு பரிமாறக் கண்டு தாம் சங்கடமுற்றதாக எழுதினார். அண்மையில், 2020 ஆம் ஆண்டில், அவர் வரலாறு ஆங்கிலத்தில் ஒரு நூலாக வந்தபோது அதன் தலைப்பிலேயே அவர் பணியாளர் எனக் குறிக்கப்பட்டார். அவருடைய பேர்த்தி இதனை வன்மையாக மறுத்து எழுதினார். தம் பாட்டனார் மதிப்புள்ள நிலவுடைமைக் குடும்பத்தவர் என்றும், எழுத்தறிவற்றவர் என்பது உண்மையன்று என்றும் அவர் கூறினார். இந்நிலையில் நாம் யாரை நம்புவது? விருந்தில் ஒருவர் பரிமாறினார் என்பதிலிருந்து அவர் ஏவலாள் என்று முடிவு செய்வது, நம் நாட்டு வழக்கமறியாதவர் செய்யக்கூடிய முடிவே. நம் வீடுகளில் விருந்தினர்க்குப் பரிமாறுவோர் யாவர்? வீட்டுக்குரியோரே. உமர் ஹயாத் கானுக்கும் சுல்தான் கானுக்கும் இடையே ஆதரிப்போனும் ஆதரிக்கப்பட்டோனும் என்ற ஏற்றத்தாழ்வு இருந்தது மெய். அவர் வந்ததும் சென்றதும் தம் விருப்பப்படியன்று, பிரபுவின் பயணப்படியே. அதனை மறைத்தல் வேண்டா. ஆனால், அறிவற்றவனிடம் தெய்வாதீனமாய் வந்திறங்கிய வித்தை என்று ஒரு கற்போனின் உழைப்பை எழுதுவது எனக்கு உடன்பாடன்று. 1929 இல் வசந்தத்துக்கும் கோடைக்கும் இடைப்பட்ட சில வாரங்களில் அவர் கற்றதை வேறெவர் கற்றார்?

அதே இல்லத்திலிருந்த பாத்திமா என்னும் இளம்பெண்ணும் சதுரங்கம் பயின்றவர். 1933 இல் பிரித்தானியப் பெண்கள் பட்டத்தை அவரே வென்றார். அவ்வாண்டு ஆடவர் பட்டமும் பெண்டிர் பட்டமும் ஒரே வீட்டுக்குச் சென்றன. பாத்திமாவைப் பற்றி எழுதுவோர் குறைவு.

அவ்வாண்டு முடிவோடு உமர் ஹயாத் கான் நாடு திரும்பினார். சுல்தான் கானும் உடன் திரும்பினார். 1935 இல் காதில்கர் என்பவரோடு பத்து ஆட்டங்கள் ஆடி ஒன்பதரைப் புள்ளி பெற்றதன் பின்னர் சர்வதேச அரங்கு அவரைக் காணவில்லை. இந்திய முறை ஆட்டமும் மெல்ல மெல்ல மறைந்தது. பர்மாவில் 1935 இற் பிறந்த தமிழரான மானுவேல் ஆரோன் 1961 இல் இந்தியாவின் முதற் சர்வதேச மாஸ்ரரானார். சென்னையில் சோவியத்துக் கலாசார நிலையத்தில் 1972 இல் தொடங்கிய தால் கழகத்தில் அவர் முயற்சியால் இளைஞர் பலர் பயின்றனர். தாயாரிடம் ஆறு வயதிற் கற்று அக்கழகத்திற் பழகிய விசுவநாதன் ஆனந்த் 1988 இல் இந்தியாவின் முதற் கிராண்ட்மாஸ்ரராகி, பின்னர் உலக முதல்வருமானார். 2024 டிசெம்பரில் சென்னை இளைஞன் குகேஷ் 18 வயதில் உலகப் பட்டத்தை வென்றதை நாமெல்லாம் அறிவோம். இவர்கள் ஆடியது பாயும் காலாளின் ஆட்டமே.

சர்வதேசச் சதுரங்கச் சம்மேளனம் 1950 இல் முதன்முதலாகக் கிராண்ட்மாஸ்ரர் பட்டத்தை 27 பேருக்கு வழங்கியது. அவர்களுள் றூபின்ஸ்ரைன் ஆட்டத்தைவிட்டு நெடுங்காலமானவர். பிளோரும் ராற்றக்கோவரும் அப்பட்டியலில் இருந்தனர். மூவரையும் வென்ற சுல்தான் கான் அதில் இல்லை. அப்பொழுது அவர் பாக்கிஸ்தானில் விவசாயஞ் செய்து வாழ்ந்துகொண்டிருந்தார். தம் பிள்ளைகளுக்குச் சதுரங்கங் கற்பிக்க அவர் இணங்கவில்லை. வாழ்க்கையில் அதனினும் பயனுள்ள வேறெதையாவது செய்யுங்கள் என்று கூறியதாக அவர் மைந்தர் ஒருவர் சொல்லியிருக்கின்றார். 1966 ஏப்ரில் மாதம் சர்கோதாவில் அவர் காலமானார். 2024 ஆம் ஆண்டு பெப்ருவரியில் சம்மேளனத்தின் தலைவர் பாக்கிஸ்தானுக்குச் சென்று, சுல்தான் கானுக்கு அளிக்கப்பட்ட கௌரவக் கிராண்ட்மாஸ்ரர் பட்டத்தை அந்நாட்டின் அப்போதைய காபந்துப் பிரதமரிடம் கையளித்தார்.